கட்-ஆஃப் 121, கையில் காசு இல்லை: பொறியியல் கவுன்சிலிங்கில் எதை நம்புவது?

கேள்வி: தங்கை 6 முதல் 12 வரை அரசுப் பள்ளி. கணிதம் 58, இயற்பியல் 62, வேதியியல் 64. வீட்டில் முதல் பட்டதாரி. கட்டாயம் கிடைக்கிற கல்லூரி எப்படித் தேர்வது?

பதில் 1: கட்-ஆஃப் 200-க்குக் கணக்கு: கணிதம் முழுசாக, இயற்பியலும் வேதியியலும் பாதி. 58+31+32 = 121. பொதுத் தரவரிசைப் பட்டியலோடு 7.5% அரசுப் பள்ளி ஒதுக்கீட்டிலும் வருவார். அதில் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் அரசே கட்டும். ஆறாம் வகுப்பிலிருந்து படித்ததற்குத் தலைமையாசிரியர் சான்று தயாராக இருக்கட்டும். போன வருடம் உங்கள் சாதிப் பிரிவில் (BC, MBC, SC போல) கடைசி இடம் 105-110 கட்-ஆஃபுக்கு முடிந்த கல்லூரிகளை உங்கள் விருப்பப் பட்டியலின் கடைசியில் போடுங்கள். ஆசைப்பட்டவை மேலே. எத்தனை போட்டாலும் தடையில்லை. பத்தோடு நிறுத்துகிறவர்கள்தான் இடமில்லாமல் நிற்கிறார்கள்.

பதில் 2: "நேரே வாங்க, சீட் உறுதி" என்று அழைக்கும் ஏஜென்டுகளிடம் உஷார். நிர்வாக ஒதுக்கீட்டில், அதாவது கவுன்சிலிங் இல்லாமல் கல்லூரியே நிரப்பும் இடத்தில் சேர்ந்தால் 7.5% சலுகையும் இல்லை, முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகையும் இல்லை.

பதில் 3: அரசு கலைக் கல்லூரிக்கும் விண்ணப்பம் போட்டு வையுங்கள், செலவு சொற்பம். பி.எஸ்சி. கணினி அறிவியலுக்குப் போட்டி அதிகம். கணிதம், இயற்பியலும் சேர்த்துக் கேளுங்கள். எங்கே சேர்ந்தாலும், அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கான புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். வங்கிக் கணக்கில் ஆதார் இணைப்பு இல்லையென்றால் பணம் தொங்கும்.