அட்டைக் கடியில் அறிமுகமான நொக்ஸ்

கலஹாக்காரன்:
மழைக் காலத்தில் விறகுக்குப் போகும்போது எங்கள் அப்பாயி ஒரு கந்தல் துணியில் தேசிக்காய்த் துண்டும் உப்பும் வைத்து முடிந்து, கம்பு நுனியில் கட்டித் தருவார். நடக்க நடக்க அதைக் காலில் தட்டிக்கொண்டே போனால் அட்டை சுருண்டு விழும். பல வருடம் கழித்து, கண்டி அரசில் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேய மாலுமி ரொபர்ட் நொக்ஸ் இலங்கையைப் பற்றி எழுதி, 1681இல் லண்டனில் அச்சான நூலின் மறுபதிப்பு கையில் கிடைத்தது. புரட்டினால் அதே கம்பு, அதே துணி, அதே உப்பு! அப்போது இந்த மலையில் தேயிலையும் இல்லை, தோட்டத் தொழிலாளர் லயமும் இல்லை. அட்டை மட்டும் இருந்திருக்கிறது.

தெரியாதவர்களுக்காக: 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தில் அடித்த புயலில் நொக்ஸ் வந்த ஆங்கிலேயக் கப்பலின் பாய்மரம் போய்விட்டது. பழுதுபார்க்கத் திருகோணமலைப் பக்கம் கொட்டியாரக் குடாவுக்கு வந்து கரையிறங்கியவர்களை 1660இல் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் பிடித்து மலைக்குக் கொண்டுபோனார்கள். கப்பல் தலைவரின் மகன்தான் நொக்ஸ், வயது 19. அடுத்த வருடமே தகப்பன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். உடலைப் புதைக்க உதவி கேட்டதற்கு ஊரார் மாடு கட்டும் கயிற்றைக் கொடுத்து, கழுத்தில் கட்டி இழுத்துப் போகச் சொன்னார்களாம். கூலிக்கு ஓர் ஆளைப் பிடித்து, அவனோடு சேர்ந்து தூக்கிப்போய்ப் புதைத்தான். அந்தப் பக்கத்தை என்னால் வேகமாகக் கடக்க முடியவில்லை.

அப்புறம் பிழைக்கக் கற்றுக்கொண்டான். சிங்களம் பேசினான், முடியும் தாடியும் வளர்த்து வெறுங்காலோடு நடந்தான், தொப்பி பின்னி விற்றான். ஒரு கிழவரிடம் இருந்த ஆங்கில பைபிளைக்கூட ஒரு தொப்பிக்குத்தான் வாங்கினான். பன்றி, கோழி வளர்த்தான். நெல்லை வட்டிக்கு விட்டான், ஒன்றுக்கு ஒன்றரை! கைதியாக வந்தவன் ஊருக்கே கடன் கொடுத்த கதை இது. எனக்கு அவன்மேல் இருந்த இரக்கம் இந்த இடத்தில் கொஞ்சம் குறைந்தது, உண்மையைச் சொல்கிறேன்.

கம்பளை மருமகள்:
வட்டியை விடுங்கள் அண்ணா, பலாவைப் பற்றி எழுதியிருப்பதைப் பார்த்தீர்களா? பிஞ்சு பொலஸ், முற்றியது கொஸ், பழுத்தது வரகா என்று பிரித்து எழுதியிருக்கிறார். போன மாதம் சந்தையில் சிங்கள ஆச்சி ஒருவர் இதே பெயர்களைச் சொல்லித்தான் என்னிடம் பேரம் பேசினார். அரிசி தட்டுப்பட்ட காலத்தில் எங்கள் வீட்டிலும் மூன்று நாள் பலாக்கொட்டைதான். பசியில் ஊர்ச் சாப்பாட்டைக் கற்றுக்கொள்கிறவன் பிழைத்துக்கொள்வான்.

மடுல்கலையிலிருந்து மன்னாருக்கு:
நான் நொக்ஸ் தப்பித்து வந்து சேர்ந்த மன்னார்ப் பக்கத்தில் இருக்கிறேன். 1977 இனக்கலவரத்துக்குப் பிறகு அப்பா எங்களை இங்கே கூட்டி வந்தார். அரிப்புக் கோட்டை கடலோரம் இடிந்து கிடக்கிறது. நொக்ஸும் அவரோடு சிறைப்பட்டிருந்த ஸ்டீபன் ரட்லண்டும் மிளகு, பூண்டு, சீப்பு விற்கும் வியாபாரிகளைப் போல 1679 செப்டம்பர் 22 அன்று மலையிலிருந்து புறப்பட்டு, அனுராதபுரம் தாண்டி ஆற்றோடே நடந்து, அக்டோபர் 18 அன்று இங்கிருந்த ஒல்லாந்தரிடம் வந்து சேர்ந்தார்கள். அந்த ஆறு சிங்களத்தில் மல்வத்து ஓயா, எங்களுக்கு அருவியாறு. வருடக்கணக்காகத் தலைச்சுமை வியாபாரம் செய்துதான் வழி பார்த்து வைத்திருக்கிறார்கள்.

நாங்கள் வந்தது லொறியில், ஒரே இரவில். அம்மா ஒரு தேயிலைக் கன்றை டின்னில் கொண்டுவந்தார். இந்த வெயிலில் அது ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

கலஹாக்காரன்:
அக்கா, அடுத்த முறை ஊர்ப்பக்கம் வந்தால் சொல்லுங்கள். கம்பும் துணியும் தயாராக இருக்கும்.