47 விழுக்காடு எந்தக் குழந்தைக்கு?

செவ்வந்தி: எண்ணெய் தேய்த்து நீவிவிட்டால் எந்தக் குழந்தைக்கும் எடை 47 விழுக்காடு கூடும் என்று மருதன் ஐயா நேற்று எழுதியதைப் படித்துப் பொறுக்கமுடியாமல்தான் இதை எழுதுகிறேன். அந்த எண், மயாமியில் டிஃபனி ஃபீல்ட் குழுவினர் 1986இல் வெளியிட்ட ஆய்வில் உள்ளது. சராசரியாக 31 வாரத்தில், 1280 கிராம் எடையோடு பிறந்த குறைமாதக் குழந்தைகளை நாளுக்கு மூன்று முறை, பதினைந்து நிமிடம் வீதம், பத்து நாள் நீவி, கைகால்களை மடக்கி நீட்டியிருக்கிறார்கள். அப்படி நீவப்பட்ட குழந்தைகள் நாளொன்றுக்கு 25 கிராம் கூட, நீவப்படாத குறைமாதக் குழந்தைகள் 17 கிராம் கூடினார்கள். 17இல் 47 விழுக்காடான அந்த எட்டு கிராம்தான் உங்கள் 47.

மருதன்: ஆக, கூடியதை நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். 47 என்றால் 47தானே அம்மா? என் ஆத்தா காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் கால்மேல் கிடத்தி, தேங்காய் எண்ணெய் தேய்த்து, வெந்நீர் ஊற்றிப் பதினொரு பேரை வளர்த்தவர். ஒருவரும் சோடைபோகவில்லை.

செவ்வந்தி: உங்கள் ஆத்தாவின் கைப்பக்குவத்தை நான் குறைசொல்லவே இல்லை. "எந்தக் குழந்தைக்கும்" என்ற சொல்லைத்தான் மறுக்கிறேன். நலமாகப் பிறந்த, ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளை நீவுவது பற்றிய ஆய்வுகளைத் தொகுத்த, மருத்துவச் சான்றுகளை அலசும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு, சான்று வலுவாக இல்லை என்றே 2013இல் சொன்னது. பச்சிளங்குழந்தைப் பிரிவில் பதினெட்டு ஆண்டு செவிலியாக இருப்பவள் நான். நீவும்போது குழந்தை முகத்தைத் திருப்பி, விரல்களை விறைத்து விரித்தால் உடனே கையை எடுத்துவிடுவேன். எண்ணைப் பார்த்துக்கொண்டு நீவுகிறவருக்கு அந்த விரல்கள் கண்ணில் படாது.

அலமேலு: மருதன் அண்ணா, உங்கள் ஆத்தா மூக்கிலும் எண்ணெய் விட்டாரா? அது நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும்.

மருதன்: மூக்கைப் பற்றி இங்கே யார் பேசினார்கள்? போன மாதம் வசம்பைப் பற்றிப் பேசியபோதும் நீங்கள் இப்படித்தான் குறுக்கே வந்தீர்கள். அதை நான் மறக்கவில்லை.

அலமேலு: வசம்பை உரைத்துக் குழந்தையின் நாக்கில் தடவாதீர்கள் என்றேன். இன்றும் அதையேதான் சொல்கிறேன்.

செவ்வந்தி: வசம்பு இருக்கட்டும். அந்த ஆய்வில் இருந்தவர்கள் குறைமாதக் குழந்தைகள், மருதன் ஐயா. உங்கள் பதினொரு பேரில் 1280 கிராமில் பிறந்தவர் யார்?

மருதன்: அந்தக் காலத்தில் தராசு வைத்தா பிள்ளை பெற்றார்கள்? 47 உண்மையா, பொய்யா? அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

செவ்வந்தி: முதல் பதிவிலேயே சொல்லிவிட்டேன். 25, 17. குறைமாதம்.