மொட்டை மாடி சோலாரும் செயலி காட்டும் வளைகோடும்: உறுப்பினர்களின் அனுபவங்கள்

ஸ்ரீரங்கம், 3.24 கிலோவாட்

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் 540 வாட் பேனல்கள் ஆறு இருக்கின்றன. பிரதமரின் சூர்ய கர் திட்டம் தொடங்கிய 2024ஆம் ஆண்டிலேயே விண்ணப்பித்து, அந்த டிசம்பரில் பொருத்திக்கொண்டோம்; 78,000 ரூபாய் மானியமும் வந்து சேர்ந்தது. பொருத்த வந்தவர்கள் என் கைபேசியில் ஒரு செயலியை நிறுவி, "தினமும் எத்தனை யூனிட் வருகிறது என்று இதில் பார்த்துக்கொள்ளுங்கள், சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஓராண்டுக்கு மேல் அதைப் பார்த்துவந்த பிறகு, அன்றைய யூனிட் கணக்குதான் அந்தச் செயலியில் கடைசியாகப் பார்க்க வேண்டியது என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். முதலில் பார்க்க வேண்டியது, ஐந்து நிமிடத்துக்கு ஒரு புள்ளியாகக் காலையிலிருந்து மாலைவரை அது வரைந்து வைக்கும் வளைகோட்டை. யூனிட் குறைந்திருக்கிறது என்பதை எண் சொல்லும். ஏன் குறைந்தது என்பதற்கான தடயம் கோட்டின் வடிவத்தில்தான் கிடைக்கும்.

முதல் வாரத்திலேயே ஒரு வேடிக்கை நடந்தது. காலை ஒன்பது மணி ஆகும்வரை உற்பத்தியே தொடங்குவதில்லை என்றும், இரவு எட்டரை மணிக்கும் பேனல்கள் மின்சாரம் தருகின்றன என்றும் செயலி காட்டியது. கணக்கைத் தொடங்கியபோது நேர மண்டலத்தை மாற்ற மறந்து, சீன நேரத்திலேயே விட்டிருக்கிறார்கள். நமக்கும் அவர்களுக்கும் இரண்டரை மணி நேர வேறுபாடு. அமைப்புகளுக்குள் சென்று திருத்தியதும் ஸ்ரீரங்கத்தில் சூரியன் உரிய நேரத்தில் உதித்தது.

மேகமில்லாத நாளில் கோடு கவிழ்த்து வைத்த கூடையைப் போல வழவழப்பாக ஏறி இறங்கும். மேகம் வந்து போகும் நாளில் அதே கோடு எலி கடித்த ஓலையைப் போல ஆகிவிடும். ஆகையால் ஒரு நாளை இன்னொரு நாளோடு ஒப்பிட வேண்டுமானால், வழவழப்பான கோடுள்ள நாட்களை மட்டுமே எடுத்துக்கொள்ள வேண்டும். இதை அறியாமல் முதல் மாதம் முழுவதும், நேற்று பதின்மூன்று, இன்று ஒன்பது என்று வீணாகக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பக்கத்து மனையில் கட்டட வேலை நடந்தது. தெளிந்த நாட்களில் 14.4 யூனிட் வரை வந்துகொண்டிருந்தது மெல்ல மெல்ல 12.3க்கு இறங்கியது. கோட்டின் வடிவம் சிறிதும் மாறவில்லை. கூடை அப்படியே இருந்தது, உயரம் மட்டும் குறைந்திருந்தது. காலை, நண்பகல், மாலை என எல்லா நேரத்திலும் ஒரே விகிதத்தில் குறைந்தால் அது பெரும்பாலும் தூசிதான். மாடிக்குச் சென்று விரலால் தொட்டுப் பார்த்தபோது சிமெண்டுத் தூள் படிந்திருந்தது. உடனே, காலை பதினோரு மணி வெயிலில், போர் தண்ணீரைக் குழாயில் பீய்ச்சிக் கழுவினேன். ஒரே செயலில் இரண்டு தவறுகள். சூடேறிய கண்ணாடியின் மீது குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விழும் அபாயம் உண்டு. அதிலிருந்து எப்படியோ தப்பினேன். ஆனால் உப்பு மிகுந்த போர் தண்ணீர் உலர்ந்து, பேனல் முழுவதும் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகளை விட்டுச் சென்றது. அடுத்த வாரம், விடியும் முன்பே குடிநீர்க் குழாய்த் தண்ணீரையும் மென்மையான துணியையும் கொண்டு துடைத்தேன். அன்று 14.1 யூனிட் வந்தது. இப்போது மாதம் ஒரு முறை இதைச் செய்கிறேன். மழைக்காலத்தில் அதுவும் தேவைப்படுவதில்லை.

என்னை மிகவும் குழப்பியது மே மாதம். கத்திரி வெயில் கொளுத்தும்போது உற்பத்தி உச்சத்தில் இருக்கும் என்று எதிர்பார்த்திருந்த எனக்கு, மார்ச்சைவிடக் குறைவாகவே யூனிட் கிடைத்தது. தூசி என்று எண்ணி மூன்று முறை துடைத்தேன், பயனில்லை. கோட்டை உற்று நோக்கிய பிறகுதான் அதில் இரண்டு வெவ்வேறு குறைகள் கலந்திருப்பது தெரிந்தது. நண்பகல் உயரம் சற்றுத் தாழ்ந்திருந்தது. மாலை நான்கு மணிக்குப் பிறகு கோடு சரிந்து இறங்காமல் படிக்கட்டைப் போல ஒரே அடியாக விழுந்திருந்தது.

முதல் குறைக்குக் காரணம் வெப்பம். பேனலின் 540 வாட் என்பது அதன் செல்கள் 25 பாகை செல்சியஸில் இருக்கும்போது அளந்த திறன். எங்கள் வகைப் பேனலில் அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 0.35 விழுக்காடு குறையும். மே மாத மதியத்தில் செல்களின் வெப்பம் 65 பாகையைத் தொட்டால் 14 விழுக்காடு அங்கேயே போய்விடுகிறது. பேனலுக்கு வேண்டியது வெளிச்சமே அன்றி வெக்கை அன்று என்பதை அதுவரை நான் எண்ணிப் பார்த்ததில்லை.

இரண்டாவது குறையின் காரணம் மாடிப்படி அறை. அது பேனல்களுக்கு வடமேற்கில் இருக்கிறது. நவம்பரில் இடம் பார்க்க வந்தவர்கள், நிழல் எப்போதும் வடக்கே விழும் என்று கொண்டு, அந்த அறையால் தொல்லை இல்லை என்றார்கள். ஆனால் சூரியன் எப்போதும் நமக்குத் தெற்கே இருப்பதில்லை. திருச்சி வட்டாரத்தில் ஏறத்தாழச் சித்திரைத் தொடக்கத்திலிருந்து ஆவணித் தொடக்கம் வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கிறது. மாலையில் மேற்குக்கு வடக்கே தள்ளி மறைகிறது. உத்தராயணம், தட்சிணாயனம் என்று பஞ்சாங்கத்தில் படிப்பவர்கள்தானே நாம், அதை மொட்டை மாடியோடு பொருத்திப் பார்க்கத்தான் தோன்றவில்லை. அந்த மாதங்களில் படி அறையின் மாலை நிழல் தென்கிழக்காக நீண்டு, ஓரத்துப் பேனல்கள் இரண்டின் மீது விழுகிறது. ஆறு பேனல்களும் ஒரே வரிசையாக இணைக்கப்பட்டிருப்பதால், நிழல் விழுந்த பேனலை அதிலுள்ள டயோடுகள் ஒதுக்கிவிட்டு மற்றவற்றை ஓட்டுகின்றன. கோட்டில் தெரியும் படிக்கட்டு அதுதான்.

பேனல்களை இடம் மாற்றலாமா என்று கணக்கிட்டேன். நாளைக்கு அரை யூனிட் வீதம் நான்கு மாதத்துக்கு ஏறத்தாழ அறுபது யூனிட் இழப்பு. ஸ்டாண்டைப் பிரித்து மாட்டும் கூலிக்கு அது பல ஆண்டுகளுக்கும் ஈடாகாது என்பதால் அப்படியே விட்டுவிட்டேன். புதிதாகப் பொருத்தப் போகிறவர்கள் மட்டும், இடம் பார்க்கும் நாளின் நிழலோடு ஆனி மாத மாலை நிழலையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கோயம்புத்தூர், 3 கிலோவாட்

ஸ்ரீரங்கத்து நண்பர் சொன்ன வடிவப் பாடம் எங்கள் வீட்டில் வேறு விதமாக நடந்தது. எங்களுக்கு வந்த கோடு சீப்பைப் போல இருந்தது: மதியம் பதினொன்றிலிருந்து இரண்டு மணிக்குள் உச்சத்திலிருந்து சுழியத்துக்கு விழுந்து, சில நிமிடங்களில் மீண்டும் உச்சத்துக்கு ஏறும், மறுபடியும் விழும். மேகம் என்றால் கோடு பாதியிலாவது நிற்கும், சுழியத்துக்கே விழாது. கூர்ந்து பார்த்தபோது இது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் நிகழ்வது தெரியவந்தது.

செயலியில் மின் அழுத்தத்தைத் தனிக் கோடாகப் பார்க்கும் வசதி உண்டு. பெரும்பாலானோர் அதைத் திறப்பதே இல்லை. நான் திறந்து பார்த்தபோது ஒவ்வொரு வீழ்ச்சிக்கும் முன்னால் 253 வோல்ட்டைக் கடந்திருந்தது. 230 வோல்ட்டில் பத்து விழுக்காடு கூடினால் 253. அதைத் தாண்டினால், பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டர் தன்னை மின் கம்பியிலிருந்து துண்டித்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. எங்கள் தெருவைச் சுற்றிலும் பட்டறைகள். வார நாட்களில் அவை இழுக்கும் சுமையால் அழுத்தம் தாழ்ந்தே இருக்கும். ஞாயிறன்று எல்லாம் மூடிக் கிடக்கும்போது அழுத்தம் உயர்கிறது. அந்த நேரத்தில்தான் எங்கள் பேனல்களும் முழு மூச்சில் மின்சாரத்தை வெளியே தள்ளுகின்றன.

ஆனால் மீட்டர் அருகே அளந்தபோது 247 வோல்ட்தான் இருந்தது. இடையிலுள்ள ஆறேழு வோல்ட் எங்கள் வீட்டிற்குள்ளேயே உண்டானது. மாடியிலுள்ள இன்வெர்ட்டரிலிருந்து கீழே மீட்டர் வரை 35 மீட்டர் தூரத்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியை இழுத்திருந்தார்கள். பதின்மூன்று ஆம்பியர் ஓடும்போது அவ்வளவு மெல்லிய கம்பியில் போக வரச் சேர்த்து அந்த அளவு அழுத்தம் ஏறத்தான் செய்யும். அதை எடுத்துவிட்டு 6 சதுர மில்லிமீட்டர் கம்பியைப் போட்டதும் வேறுபாடு மூன்று வோல்ட்டுக்குள் வந்தது, சீப்பும் மறைந்தது. கம்பியில் மிச்சம் பிடித்த பணத்தைப் பொருத்தியவர் எத்தனை ஞாயிற்றுக்கிழமைகளில் என்னிடமிருந்து வசூலித்தார் என்பதைக் கணக்கிட மனம் வரவில்லை.

திருவான்மியூர், 5 கிலோவாட்

எங்களுடையது கடற்கரைக்கு அருகிலுள்ள வீடு. மார்கழியில் கோடு ஆறரை மணிக்குத் தொடங்காமல் ஒன்பது மணிக்குத்தான் தொடங்கியது. நேர மண்டலத்தைச் சந்தேகிக்க வழியில்லை, ஏனெனில் மாலையில் சரியான நேரத்திலேயே முடிந்தது. எச்சரிக்கைப் பட்டியலில் தினமும் விடியற்காலையில் மின்காப்பு குறைவு என்று ஒரு குறிப்பு பதிவாகியிருந்தது. இன்வெர்ட்டர் ஒவ்வொரு நாளும் வேலையைத் தொடங்கும் முன், பேனல் கம்பிகளிலிருந்து மண்ணுக்கு மின்சாரம் கசிகிறதா என்று சோதித்துக்கொள்கிறது, கசிந்தால் தொடங்காது. பேனலுக்கு அடியில் ஓர் இணைப்பான் தரையில் கிடந்து, தேங்கிய நீரிலும் பனியிலும் உப்புக் காற்றிலும் ஊறிப்போயிருந்தது. வெயில் ஏறி அது உலரும் வரைதான் அந்தத் தாமதம். புதிய இணைப்பானைப் போட்டு, கம்பிகளைத் தரையில் படாமல் தூக்கிக் கட்டிய பிறகு சரியாயிற்று. இது ஆளைக் கொல்லக்கூடிய பழுது என்பதால், எச்சரிக்கையைக் கண்டதும் நீங்களே தொட்டுப் பார்க்க முனையாதீர்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பின் வெயில் அடித்த நாட்களிலும் செயலி வெறுமையாக இருந்ததைக் கண்டு பேனல்கள் போய்விட்டன என்றே நினைத்தேன். தெருவில் கரண்ட் இல்லாதபோது, லயன்மேனின் உயிரைக் காக்க இன்வெர்ட்டர் தானாகவே நின்றுவிடும் என்பதை அப்போதுதான் கற்றேன்.

திண்டுக்கல், 2 கிலோவாட்

2019 டிசம்பர் 26 அன்று எங்கள் ஊரில் கங்கண சூரிய கிரகணம் தெரிந்தது. காலை எட்டு மணிக்குச் சற்றுப் பின் தொடங்கி, ஒன்பதரை மணியளவில் சூரியனின் தொண்ணூறு விழுக்காட்டுக்கும் மேல் மறைந்தது. வீட்டில் எல்லோரும் கதவை அடைத்து உட்கார்ந்திருக்க, நான் கைபேசியில் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறத் தொடங்கிய கோடு ஒரு கிண்ணத்தைப் போல வளைந்து இறங்கி, ஏறக்குறைய அடியைத் தொட்டு, அதே வளைவில் ஏறி வந்தது. மேகத்தால் அத்தனை ஒழுங்கான பள்ளத்தை வரைய முடியாது.

அந்தப் படத்தை அன்றே சேமித்துக்கொண்டது நல்லதாயிற்று. கணக்கு முழுவதும் பொருத்தியவரின் மின்னஞ்சலில் தொடங்கப்பட்டிருந்தது. அவர் தொழிலை விட்டுப் போன பிறகு உள்ளே நுழைய வழியில்லாமல், இன்வெர்ட்டரிலிருந்து செயலிக்குத் தகவல் அனுப்பும் டாங்கிள் என்ற கருவியைப் புதிதாக வாங்கிப் புதுக் கணக்குத் தொடங்க நேர்ந்தது. பல ஆண்டுப் பதிவுகள் போயின. உங்கள் பெயரிலேயே கணக்கைத் தொடங்கச் சொல்லுங்கள்.

தஞ்சாவூர், 3 கிலோவாட்

கடந்த இரு மாதங்களுக்குச் செயலி 780 யூனிட் உற்பத்தி என்கிறது. ஆனால் நெட் மீட்டரில் நாங்கள் வெளியே அனுப்பியதாக 450 யூனிட் மட்டுமே பதிவாகியிருக்கிறது. 330 யூனிட் எங்கே போயிற்று? இன்வெர்ட்டர் பொய் சொல்கிறது என்று பொருத்தியவர்களுக்குப் புகார் எழுதி வைத்திருக்கிறேன். பெரியவர்கள் யாராவது விளக்கினால் நன்று.

ஸ்ரீரங்கம், 3.24 கிலோவாட்

இன்வெர்ட்டர் பொய் சொல்லவில்லை, ஐயா. செயலி காட்டுவது பேனல்களில் உண்டான மொத்தத்தை. அதில் வீடு அந்தந்த நேரத்தில் பயன்படுத்தியது போக மீந்தது மட்டுமே நெட் மீட்டரைக் கடந்து வெளியே போகிறது. அந்த 330 யூனிட்டையும் பகலில் உங்கள் வீடே செலவழித்திருக்கிறது. இன்வெர்ட்டரின் அளவீட்டுக்கும் மீட்டருக்கும் ஓரிரு விழுக்காடு வேறுபாடு இருப்பதும் வழக்கம். வெளியிலிருந்து உள்ளே வந்த யூனிட்டும் மீட்டரில் இருக்கும். அதை இந்த 330உடன் கூட்டினால் வீட்டின் உண்மையான மொத்தச் செலவு கிடைக்கும். சோலார் வைப்பதற்கு முந்தைய ஆண்டின் இதே இரு மாத பில்லோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

தஞ்சாவூர், 3 கிலோவாட்

பார்த்தேன், ஐயா. உள்ளே வந்தது 260 யூனிட். ஆக மொத்தச் செலவு 590. சோலார் இல்லாத ஆண்டில் இதே இரு மாதங்களுக்கு 470தான் ஆகியிருக்கிறது. வீட்டில் விசாரித்ததில், இனிமேல் கரண்ட் சும்மாதானே என்று நடுப்பகலிலும் ஏ.சி. ஓடுவதை என் மகன் ஒப்புக்கொண்டான். புகார்க் கடிதத்தை அனுப்பவில்லை.