பாய்மரக் கப்பல் மாடல்: முன்கயிற்றை இழுத்தால் பின்கயிறு தொய்கிறது. எங்கே தப்பு செய்கிறேன்?

முதல்கப்பல் (சென்னை)

எல்லோருக்கும் வணக்கம். இது என் முதல் பாய்மரக் கப்பல். இதற்கு முன் இரண்டு கார், ஒரு விமானம் மட்டும் செய்திருக்கிறேன். இப்போது மேசையில் இருப்பது கட்டி சார்க் என்ற பழைய பிரிட்டிஷ் பாய்மரக் கப்பலின் 1/96 அளவு பிளாஸ்டிக் கிட். உடல், மேல்தளம், பெயின்ட் எல்லாம் முடிந்துவிட்டது. நீர்மட்டத்துக்குக் கீழே செம்பு நிறம் நன்றாகவே வந்திருக்கிறது. லண்டன் கிரீனிச்சில் காட்சிக்கு நிற்கும் அசல் கப்பலின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்திருக்கிறேன். அந்தச் செம்பு மினுக்கத்துக்காகவே இந்தக் கிட்டை வாங்கினேன்.

சிக்கல் கயிறு கட்டும்போது ஆரம்பித்தது. முன் பாய்மரத்தையும் நடுப் பாய்மரத்தையும் ஒட்டிவிட்டேன், பின் பாய்மரம் இன்னும் ஒட்டவில்லை. முதலில் முன்பக்கம் போகும் ஸ்டே கயிற்றை விறைப்பாகக் கட்டினேன். பாய்மரத்தின் நுனி முன்னால் வளைந்துவிட்டது. அதைச் சரிசெய்யப் பின்னால் ஒரு கயிறு கட்டினேன், முன்கயிறு தொய்ந்தது. நடுப் பாய்மரத்திலும் இதே கதை. ஒன்றை இறுக்கினால் ஏற்கெனவே கட்டியதில் இரண்டு தளர்கிறது. மூன்று வாரமாக இதையே கட்டி அவிழ்த்துக்கொண்டிருக்கிறேன்.

இன்னும் மூன்று தொல்லைகள்:

ஏணி மாதிரிக் குறுக்குக் கயிறு கட்டிய இடத்தில் ஷ்ரௌட் (பாய்மரத்தைப் பக்கத்திலிருந்து பிடிக்கும் கயிறு) எல்லாம் உள்ளே இழுபட்டு, உடுக்கை போல இடுப்பு ஒடுங்கி நிற்கிறது.

முடிச்சுக்குச் சூப்பர் குளூ வைத்தேன். பக்கத்தில் தளம் முழுக்க வெள்ளைப் புகை படிந்த மாதிரி ஆகிவிட்டது. ஒரு நூல் முடிச்சுக்கு ஒட்டிய இடத்திலேயே பட்டென்று அறுந்தது.

மூன்றாவது என்னால் நம்ப முடியாதது. மழை நாள் இரவில் கட்டும்போது விறைப்பாக இருக்கிறது. மறுநாள் ஏசி போட்டு உட்கார்ந்தால் தொய்ந்திருக்கிறது. யாரும் தொடவில்லை. நான் பயன்படுத்துவது தையல் கடையில் வாங்கிய பருத்தி நூல்.

யாராவது வழி சொல்லுங்கள்.

நுண்தூரிகை

நான் கப்பல் செய்தவன் இல்லை, இரட்டை இறக்கை விமானங்கள்தான். அவற்றின் கம்பிகளுக்கு லைக்ரா கலந்த மெல்லிய எலாஸ்டிக் நூல் போடுவோம். கை பட்டாலும் அறுகாது, தொய்யவும் தொய்யாது. அதைக் கட்டினால் உங்கள் பிரச்சினை தீரும் என்று நினைக்கிறேன்.

சூப்பர் குளூவைப் பற்றித் திட்டமாகச் சொல்ல முடியும். அந்த வெள்ளைப் படலம் பசையின் ஆவி. காற்றோட்டம் இல்லாமல் நிறைய வைத்தால் பக்கத்தில் படியும். மேட் வார்னிஷ் ஒரு பூச்சு கொடுங்கள், பெரும்பாலும் மறைந்துவிடும். நூலுக்குள் அந்தப் பசை ஊறினால் நூல் குச்சி போல இறுகிப்போகும், வளைத்தால் ஒடியும். உங்களுக்கு அறுந்தது அதனால்தான்.

தோணித்துறை (தூத்துக்குடி)

எலாஸ்டிக் நூல் மேலே போகும் மெல்லிய கயிறுகளுக்குச் சரி. ஷ்ரௌடுக்குப் போடாதீங்க தங்கச்சி. குறுக்குக் கயிறு கட்டும்போது அது இன்னும் எளிதாக உள்ளே இழுபடும், உடுக்கை இன்னும் ஒடுங்கும்.

எங்கப்பா தோணியில் தண்டலாக, அதாவது தோணித் தலைவராக, இருந்தவர். தோணியின் பாயும் கட்டி சார்க்கின் பாயும் வேறு வேறு முறை. ஆனால் சின்ன வயதில் அவர் சொன்ன ஒரு விஷயம் இரண்டுக்கும் பொது. பாய்மரத்தை நிறுத்துவது குழியில் இருக்கும் அடி இல்லை, சுற்றி நிற்கும் கயிறு. நீங்கள் அடியில் பசை போட்டு மரத்தை நிறுத்திவிட்டு, கயிற்றை அலங்காரமாகக் கட்டுகிறீர்கள். அதனால் வரிசை தலைகீழாகப் போயிருக்கிறது.

ஷ்ரௌட் என்கிற பக்கக் கயிறுகள் பாய்மரத்துக்கு நேர் பக்கத்தில் இறங்குவதில்லை, கவனித்தீர்களா? மரத்துக்குச் சற்றுப் பின்னால் தள்ளித்தான் கப்பலின் விளிம்பில் இறங்குகின்றன. அதாவது அவை பக்கவாட்டில் மட்டுமல்ல, பின்னாலும் இழுக்கின்றன. அந்த இழுப்புக்கு எதிராக அணியம், அதாவது கப்பலின் முன்முனை, பக்கம் போகும் ஸ்டே முன்னால் இழுக்கிறது. பின்னிழுப்பு எதுவும் இல்லாதபோது நீங்கள் முன்னிழுப்பைக் கொடுத்தீர்கள். மரம் முன்னால் போகாமல் வேறெங்கே போகும்?

ஆகவே ஷ்ரௌட்தான் முதலில். ஒரே நூலை இரண்டாக மடித்து, மடிப்பைப் பாய்மரத் தலையில் மாட்டி, இரண்டு முனையையும் ஒரே பக்கம் இறக்குவது முறை. வலப்பக்கம் முதல் ஜோடி, பிறகு இடப்பக்கம் முதல் ஜோடி, மறுபடி வலப்பக்கம். இப்படி மாறி மாறிப் பின்னால் போக வேண்டும். ஒரு பக்கத்தை முடித்துவிட்டு அடுத்த பக்கம் வந்தால் மரம் சாய்ந்தே நிற்கும். ஷ்ரௌட் வளையங்கள் எல்லாம் தலையில் உட்கார்ந்தபின் அவற்றின் மேல் ஸ்டேயின் வளையத்தை மாட்டுங்கள். கீழ்ப் பகுதி முழுக்க முடிந்தபிறகே அடுத்த மேல் மரத்துக்குப் போக வேண்டும்.

இன்னொன்று, எதையும் உடனே இறுக்கி முடிச்சுப் போடாதீர்கள். கயிற்றின் கீழ்முனையை அதன் துளை வழியாக எடுத்து, நுனியில் ஒரு துணி கிளிப்பைத் தொங்க விடுங்கள். எல்லா நூலிலும் ஒரே எடைக் கிளிப். எட்டுப் பத்துக் கிளிப்பும் தொங்கும்போது மரம் தானாக ஒரு இடத்தில் நிற்கும். அதை எதிரே இருந்தும் பக்கத்திலிருந்தும் பாருங்கள். கட்டி சார்க் மாதிரி வேகமான கிளிப்பர் வகைக் கப்பல்களுக்குப் பாய்மரம் சற்றே பின்னால் சாய்ந்திருக்கும், செங்குத்தாக நிறுத்த முயல வேண்டாம். திருப்தியானபின் தண்ணீர் கலந்த ஃபெவிகாலை முடிச்சில் தொட்டு வையுங்கள். காய்ந்தால் கண்ணுக்குத் தெரியாது. தப்பு என்றால் தண்ணீர் தொட்டு இளக்கலாம், அது சூப்பர் குளூவில் நடக்காது.

பிளாஸ்டிக் மரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அசல் கட்டி சார்க்கில் கீழ்ப் பாய்மரங்கள் இரும்பு. மரத்தைப் பிடித்து நிறுத்தும் ஷ்ரௌட், ஸ்டே போன்ற நிலைக்கயிறுகள் கம்பியை முறுக்கிச் செய்தவை. அந்த இழுப்பை மெல்லிய பிளாஸ்டிக் குச்சியிடம் எதிர்பார்க்கக் கூடாது. பின் பாய்மரம் ஒட்டவில்லை என்கிறீர்களே, அது இரண்டு பாதியாக வந்திருந்தால் உள்ளே 2 மி.மீ. பித்தளைக் கம்பி வைத்து எப்பாக்சியில் மூடுங்கள். மேல் மரங்கள் ஒரே குச்சியாக இருந்தால் மூங்கில் குச்சியை உப்புத்தாளில் தேய்த்து மாற்றாகச் செய்யலாம். ஒட்டிவிட்ட இரண்டையும் பிடுங்க வேண்டாம், தளம் பெயர்ந்துவிடும். கட்டிய நூலை எல்லாம் வெட்டி எறிந்துவிட்டு வரிசைப்படி மறுபடி தொடங்குங்கள்.

மழை இரவுக் கதையை நான் முழுசாக நம்புகிறேன். பருத்தி, சணல் மாதிரி முறுக்கு நூல் ஈரம் குடித்தால் இழைகள் பருக்கும். பருத்தால் முறுக்கு இறுகி நீளம் குறையும். காய்ந்தால் பழையபடி நீளும். மழை நாளில் குறுகிய நூலைக் கட்டினீர்கள், ஏசி அதை உலர்த்தியது.

முதல்கப்பல்

அண்ணா, படித்ததும் எல்லாவற்றையும் வெட்டிவிட்டேன். கை நடுங்கியது, ஆனாலும் செய்துவிட்டேன்.

நூலைச் சோதித்தும் பார்த்தேன். கதவு நிலையில் ஒரு பருத்தி நூல், ஒரு பாலியெஸ்டர் நூல், இரண்டிலும் ஒரே மாதிரிக் கிளிப். சுவரில் பென்சிலால் கோடு போட்டு, ஈரப் பஞ்சால் இரண்டையும் நனைத்தேன். பருத்தியின் கிளிப் கோட்டுக்கு மேலே ஏறியது, காய்ந்ததும் இறங்கியது. பாலியெஸ்டர் அசையவில்லை. மூன்று வாரமாக என்னையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் கிளிப் மேலே போவதைக் கண்ணால் பார்த்தபோது எவ்வளவு நிம்மதி!

இனி பாலியெஸ்டர்தான். எந்தத் தடிமன் எங்கே? நிறம்? உடுக்கைக்கு என்ன வழி?

தோணித்துறை

தடிமனுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் காலத்தில் கப்பல் கயிற்றைச் சுற்றளவில் சொல்வார்கள், விட்டத்தில் இல்லை. புதிதாக வரும் பலர் இங்கேதான் தவறி, கயிறை வடம் போலக் கட்டிவிடுகிறார்கள். ஒரு பழைய வரைபடத்தில் 4 அங்குலக் கயிறு என்று இருந்தால் அதன் விட்டம் சுமார் 32 மி.மீ. 96-ஆல் வகுத்தால் 0.33 மி.மீ.

மூன்று தடிமன் வாங்கினால் போதும். பெரிய ஸ்டேக்களுக்கு 0.5, ஷ்ரௌடுக்கு 0.3, குறுக்குக் கயிறுக்கும் மேலே உள்ளவற்றுக்கும் 0.15 அல்லது 0.2. நிலைக்கயிறு கறுப்பு. பாயையும் பருமலையும் (பாய் தொங்கும் குறுக்குமரம்) இயக்கும் ஓடுகயிறு வெளிர்ப் பழுப்பு. தூய வெள்ளை எங்கும் வேண்டாம்.

நூலில் பிசிறு இருந்தால் தேன்மெழுகுக் கட்டியின் மேல் இரண்டு முறை இழுத்து, விரலால் நீவி விடுங்கள். பசை வைக்கப்போகும் முனையில் மட்டும் மெழுகு படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

திருமலைக் கடல் (திருகோணமலை)

அக்கா, உடுக்கைக்கு நான் சொல்லுறன். எனக்கும் முதல் கப்பலில இதுதான் நடந்தது.

ஒவ்வொரு குறுக்குக் கயிறையும் நீங்கள் ரெண்டு ஓரத்திலயும் இழுத்துக் கட்டுறீங்கள். ஒரு கட்டு கொஞ்சம்தான் இழுக்கும், ஆனால் முப்பது கட்டு சேர்ந்தால் இடுப்பு ஒடுங்கும். முதல்ல நடு ஷ்ரௌடில கட்டுங்கோ. பிறகு அங்கயிருந்து வெளியால போங்கோ. நடுவில இருக்கிறதுகளுக்குக் க்ளோவ் ஹிட்ச்: நூலை ஒருக்கால் சுத்தி, தன்னைத் தானே கடந்து, ரெண்டாந்தரம் சுத்தி, அந்தச் சுத்துக்குக் கீழால எடுக்கிறது. ஓரத்து ஷ்ரௌடில சாதாரண முடிச்சு. ரெண்டு முடிச்சுக்கு இடையில நூல் மெல்லிசாத் தொய்ஞ்சு நிக்க வேணும். விறைப்பா நிண்டால் அது பிழை. ஆள் காலை வைச்சு ஏறுற கயிறு கொஞ்சம் தொய்ஞ்சுதான் இருக்கும்.

ஷ்ரௌடுகளுக்குப் பின்னால கோடு போட்ட வெள்ளைக் காயிதம் ஒண்டைச் செருகுங்கோ. அசலில குறுக்குக் கயிறுகள் 13 தொடக்கம் 15 அங்குல இடைவெளி. உங்கட அளவுக்கு அது மூண்டரை, நாலு மில்லிமீற்றர். கோடும் அப்படியே போடுங்கோ. பாதி உயரத்தில ஒரு பித்தளைக் கம்பியைக் குறுக்கால வைச்சு எல்லா ஷ்ரௌடையும் அதில தற்காலிகமாக் கட்டி விட்டால் இழுபடாது. முடிஞ்சாப் பிறகு கழற்றலாம். பத்துக் கட்டினால் எழும்பித் தள்ளி நிண்டு பாருங்கோ. கிட்ட இருந்து பார்த்தால் வளைவு தெரியாது.

இது முடிஞ்சால் அடுத்ததா எங்கட ஊர்ப் பெயர் வைச்ச கப்பலைப் பாருங்கோ. எச்எம்எஸ் டிரின்கோமலி, 1817இல பம்பாயில தேக்கில கட்டினது. இண்டைக்கும் இங்கிலாந்தில ஹார்ட்டில்பூலில மிதக்குது. அதைப் படத்தில பார்த்துத்தான் நான் இந்த வேலைக்கே வந்தனான்.

முதல்கப்பல்

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன்.

பின் பாய்மரத்துக்குள் பித்தளைக் கம்பி வைத்தேன். முன், நடுப் பாய்மரங்களின் கீழ்ப் பகுதிக்கு எல்லா ஷ்ரௌடையும் கிளிப் தொங்கவிட்டுக் கட்டினேன். பதினாறு கிளிப் தொங்கும்போது மேசை துணி உலர்த்தும் கொடி மாதிரி இருந்தது, ஆனால் மரம் நேராக நின்றது. அதன்பின் ஸ்டேயை மாட்டினேன். ஷ்ரௌடில் ஒன்றுகூடத் தொய்யவில்லை. அந்த நிமிடத்தில் அண்ணன் சொன்னது கைக்குப் புரிந்தது. நடுவில் இரண்டு மழை நாளும் வந்து போயின. ஒரு மாற்றமும் இல்லை.

குறுக்குக் கயிறு நடுவிலிருந்து வெளியே என்று ஒரு பக்கம் முடித்தேன், இடுப்பு ஒடுங்கவில்லை. ஒரு பக்கத்துக்கு நான்கு இரவு ஆனது. வார்னிஷ் பூசியதில் தளத்து வெள்ளையும் போய்விட்டது, நன்றி நுண்தூரிகை.

ஒரு குறை மட்டும். முன்பு ஒட்டிய முன் பாய்மரம் அரை மில்லிமீட்டர் போல இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. விட்டுவிடவா?

அடுத்து பருமல்கள். கிட்டில் வந்த பாய்கள் தடித்த பிளாஸ்டிக், பார்க்கப் பிடிக்கவில்லை. பாய் இல்லாமல் வெறும் பருமலாக நிறுத்தலாமா?

தோணித்துறை

அரை மில்லிமீட்டரை விட்டுவிடுங்கள். மேல் மரத்தின் கயிறுகளைக் கட்டும்போது வலப்பக்கக் கிளிப்பில் ஒரு சின்ன எடை கூடுதலாகப் போட்டால் கண்ணுக்குச் சரியாகிவிடும்.

பாய் இல்லாமல் தாராளமாக நிறுத்தலாம், கிரீனிச்சில் நீங்கள் பார்த்ததும் அப்படித்தான். ஆனால் பாய் இல்லையென்றால் பருமல்களின் உயரம் மாறும். கீழே உள்ள இரண்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். அதற்கு மேலே, பாயை விரிக்க ஏற்றி, சுருட்ட இறக்குகிற பருமல்கள் இறங்கிய நிலையில் நிற்க வேண்டும். கிட்டின் படத்தில் அவை உயரத்தில் இருக்கும், அது பாய் விரித்த கணக்கு.

பருமலைப் பாய்மரத்தில் மாட்டுவதற்கு முன் அதன் கயிறுகள், கப்பிகள் எல்லாவற்றையும் மேசையில் வைத்தே கட்டிவிடுங்கள். இரண்டு முனையிலும் நீளமாக நூலை விட்டுவையுங்கள். மாட்டியபின் அந்த முனைகளுக்குக் கை போகாது. கீழே தளத்திலும், கயிற்று முனைகளைக் கட்டும் முளைகளில் நடுவில் உள்ளவற்றில் முதலில் கட்டி, ஓரத்து முளைகளைக் கடைசிக்கு வையுங்கள். இல்லாவிட்டால் இடுக்கி உள்ளே நுழைய வழி இருக்காது.

முதல்கப்பல்

நடுவிலிருந்து வெளியே. குறித்துக்கொண்டேன் அண்ணா. கீழ்ப் பருமலை இன்று இரவு தொடங்குகிறேன்.