மறுமொழி: தெமோதரைச் சுற்றுக்குத் தமிழில் என்ன பெயர்?

> "லூப்" தானே? "வளையம்" என்று போட்டால் வேலை முடிந்தது.

முடியாது ஐயா. இலங்கையின் மலைநாட்டில், பதுளைக்குப் போகும் ரயில் பாதையிலுள்ள தெமோதரையில் கோச்சி (ரயில்) ஸ்டேஷனை விட்டுப் புறப்பட்டு, மலையை ஒரு சுற்றுச் சுற்றி இறங்கி, அதே ஸ்டேஷனுக்கு அடியில் உள்ள 42ஆம் இலக்கச் சுரங்கத்துக்குள் நுழைகிறது. வளையம் என்றால் தொடங்கிய இடத்துக்கே வந்து சேர வேண்டும். இது சேராமல் அதற்குக் கீழே போய்விடுகிறதே! போதாக்குறைக்கு, எதிர்க்கோச்சிக்கு வழிவிட ஒதுங்கி நிற்கும் பக்கத் தண்டவாளத்தைத்தான் ரயில்வேக்காரர் "லூப் லைன்" என்பார்கள்.

இப்படிச் சுற்ற வேண்டி வந்ததே இறக்கத்தால்தான். பட்டிப்பொலை ஸ்டேஷன் 6,226 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து பதுளைக்கு இறங்க வேண்டும். மலைநாட்டுப் பாதையின் அதிகபட்சச் சரிவு 44 அடிக்கு 1 அடி என்ற கணக்கு. அதற்குள் இறங்க வேண்டுமானால் பாதையை நீட்ட வேண்டும், மலைச்சரிவில் நீட்ட ஏது இடம்? அதனால் சுற்றவிட்டார்கள். 1894இல் பண்டாரவளைக்கு வந்த பாதை பதுளையைத் தொட 1924 ஆகிவிட்டது. நடுவில் உலகப் போர் வேறு.

டார்ஜிலிங்கின் பதாசியாவும் சுவிட்சர்லாந்தின் புரூசியோவும் (1908) இதே சாதி ரயில் சுற்றுகள்தான். ஆனால் இரு தண்டவாளங்களுக்கு இடையிலான அகலத்தில் ஒன்று 2 அடிப் பாதை, மற்றது மீட்டர் பாதை. நம்முடையது 5 அடி 6 அங்குல அகலப்பாதை! மூன்றுக்கும் பொருந்துகிற சொல் வேண்டும். "கொண்டை ஊசி வளைவு" சரிவராது, அது திரும்புமே ஒழியத் தன்னைத் தானே தாண்டாது.

என் பரிந்துரை: புரிவழி. கயிற்றின் புரியில் சுற்றும் உண்டு, சுற்றிக்கொண்டே முன்னேறுவதும் உண்டு. சங்கைச் சொல்வதுபோல வலம்புரி, இடம்புரி என்று சுற்றும் திசையையும் சேர்த்துக்கொள்ளலாம்.

> "தலைப்பாச் சுற்று" என்று வைக்கலாமே? வேலையாட்களை மேற்பார்க்கும் கங்காணி தலைப்பாவை அவிழ்த்துக் கட்டுவதைப் பார்த்துத்தான் இஞ்சினியருக்கு யோசனை வந்ததாம்.

கதை எனக்கும் பிடிக்கும் ரீச்சர். உண்மையோ இல்லையோ, இஞ்சினியர் பெயரோடு நம்மாள் ஒருவரும் அதில் இருக்கிறார். தெமோதரைக்குச் செல்லப்பெயராக இருக்கட்டும். புரூசியோ பற்றிப் பாடம் எடுக்கும்போது "தலைப்பா" என்றால் பிள்ளைகளுக்கு முழுக் கதையையும் சொல்ல வேண்டிவரும், பிறகு பாடம் நடக்காது.

இன்னும் ஒன்றுதான் பாக்கி: புரிவழியா, புரிப்பாதையா? "புரியும் வழி" என்று படித்துவிடுவார்கள் என்று தம்பி ஒருவர் தனியே எழுதியிருக்கிறார். பாதை என்று மாற்றினாலும் அந்தக் குழப்பம் தீராது. அதனால் சின்னதாக இருக்கும் புரிவழிக்கே என் வாக்கு. மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள்.