காசும் பயமும்: தெருவிலிருந்து வாக்குச்சாவடி வரை

(ஓட்டுக்குக் காசு கொடுப்பதைப் பற்றிப் பலர் எழுதியது. ஒவ்வொரு பகுதியின் தலைப்பும் எழுதியவரின் புனைபெயர்.)

சாவடி முகவர்

வாக்குப்பதிவுக்கு முந்தின இரண்டு இரவுகளில் தெருவில் அதிகம் கேட்கிற கேள்வி, "வாங்கிட்டு மாத்திக் குத்தினா தெரிஞ்சிடுமா?" என்பதுதான். காசு கொடுப்பவர்கள் நம்பியிருப்பதே இந்தப் பயத்தைத்தான். அதனால் எது தெரியும், எது தெரியாது என்று முதலில் பிரித்துச் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் வந்தீர்களா இல்லையா என்பது கண்டிப்பாகத் தெரியும். உள்ளே உட்கார்ந்திருக்கும் கட்சி முகவர்கள் கையில் பட்டியல் வைத்திருப்பார்கள். அலுவலர் பெயரை வாசிக்க வாசிக்கக் கோடு போட்டுக்கொண்டே வருவார்கள். பிற்பகலில் "உங்க வீட்ல ரெண்டு ஓட்டு பாக்கி" என்று ஆள் வந்து நிற்பது அந்தக் கோட்டை வைத்துத்தான்.

எந்தப் பொத்தானை அழுத்தினீர்கள் என்பது தெரியாது. 17ஏ என்ற வாக்காளர் பதிவேட்டில் உங்கள் வரிசை எண்ணும் கையெழுத்தும் இருக்கும், சின்னம் இருக்காது. விவிபாட் (போட்ட ஓட்டைத் தாளில் அச்சிட்டுக் காட்டும் கருவி) சீட்டு 7 விநாடி கண்ணாடிக்குள் தெரிந்துவிட்டுப் பெட்டியில் விழும். அதில் வேட்பாளரின் பெயர், எண், சின்னம் மட்டுமே. உங்களைப் பற்றி ஒரு எழுத்துகூட இல்லை. "போட்டோ எடுத்துட்டு வா" என்று எவராவது சொன்னால், சாவடியைச் சுற்றி 100 மீட்டருக்குள் வாக்காளர் கைபேசி பயன்படுத்தத் தடை என்று சொல்லிவிடுங்கள்.

எண்ணிக்கை மேசை

முகவர் அண்ணன் சொன்னது தனி ஆளுக்குச் சரி. தெருவுக்கு அது பொருந்தாது, அங்கே பயத்துக்குக் காரணம் இருக்கிறது.

மின்னணு இயந்திரத்தில் எண்ணிக்கை சாவடி வாரியாக நடக்கிறது. ஒவ்வொரு கட்டுப்பாட்டுக் கருவியின் முடிவும் 17சி படிவத்தின் இரண்டாம் பகுதியில் ஏறும். பிறகு தொகுதி முழுமைக்குமான படிவம் 20இல் சாவடி சாவடியாக அச்சாகும். ஒரு சாவடி என்பது ஏறக்குறைய ஆயிரம் ஓட்டு. கிராமத்தில் அது ஒரு காலனியாகவோ ஒரே சாதி இருக்கும் இரண்டு தெருவாகவோ இருந்துவிடுகிறது. அப்படியானால் யார் போட்டார் என்று தெரியாவிட்டாலும், எந்தத் தெரு போடவில்லை என்பது எண்ணிக்கை அன்று மதியமே தெரிந்துவிடும். அடுத்த ஐந்து வருடத்துக்குக் குடிநீர்க் குழாயும் சாலையும் அந்தத் தாளைப் பார்த்து முடிவாகும் என்று மக்கள் அஞ்சுவதை அறியாமை என்று ஒதுக்க முடியாது.

வாக்குச்சீட்டுக் காலத்தில் இதற்கு மருந்து இருந்தது. 1961ஆம் ஆண்டு தேர்தல் நடத்தை விதிகளின் 59ஏ, ஆணையம் குறிப்பிடும் தொகுதிகளில் பல பெட்டிகளின் சீட்டுகளைக் கலந்து எண்ண வழி செய்தது. இயந்திரம் வந்தபின் கலப்பது நின்றுபோனது. 14 சாவடிகளின் ஓட்டைச் சேர்த்து மொத்தமாக மட்டும் காட்டும் 'டோட்டலைசர்' கருவியைத் தேர்தல் ஆணையம் 2008இலேயே முன்மொழிந்தது. சட்ட ஆணையத்தின் 255ஆவது அறிக்கையும் (2015) அதைப் பரிந்துரைத்தது. இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை. என்னைக் கேட்டால், நூறு பறக்கும் படைகளைவிட இந்த ஒரு கருவிக்குப் பலன் அதிகம்.

கணக்குப் பேரேடு

செலவுக் கண்காணிப்பு எப்படி நடக்கிறது, எங்கே ஓட்டை விழுகிறது என்பதை எழுதுகிறேன்.

2022 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் சட்டமன்ற வேட்பாளருக்கு உச்சவரம்பு 40 லட்சம், மக்களவைக்கு 95 லட்சம். இரண்டரை லட்சம் வாக்காளர் உள்ள தொகுதியில் 40 லட்சம் என்றால் தலைக்கு 16 ரூபாய். அதே தொகுதியில் ஒன்றரை லட்சம் பேருக்கு 500 ரூபாய் கொடுத்தால் ஏழரைக் கோடி. 500 ரூபாய்த் தாளாகவே 1,500 கட்டு. ஒரு காரில் வைத்துச் சோதனைச் சாவடியைக் கடக்கிற சரக்கு இல்லை இது. அதனால்தான் தேர்தல் அறிவிப்புக்கு முன்பே பணம் இறங்கி, ஒன்றியம், ஊர், பூத் என்று பிரிந்து, கடைசியில் பட்டியலின் ஒரு பக்கத்துக்கு ஒருவர் என்ற கணக்கில் போய் உட்கார்ந்துவிடுகிறது. பறக்கும் படை பிடிப்பது பெரும்பாலும் வால் நுனியைத்தான்.

சட்டமும் தாமதமாகத்தான் தொடங்குகிறது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 77ஆம் பிரிவின்படி வேட்பாளரின் கணக்கு, மனுத் தாக்கல் அன்று ஆரம்பித்து முடிவு அறிவிக்கும் நாளில் முடிகிறது. அதற்கு முந்தின செலவு அவர் கணக்கில் வராது. கட்சிக்கு உச்சவரம்பே கிடையாது.

வேட்பாளர் செய்யவேண்டியவை: மனுத் தாக்கலுக்கு ஒருநாள் முன்னதாகவாவது தேர்தலுக்கென்று தனி வங்கிக் கணக்கு. ஒரே ஆளுக்கோ கடைக்கோ மொத்தத் தேர்தலுக்கும் சேர்த்து 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்கக் கூடாது. பதிவேடு மூன்று நிறம்: அன்றாடச் செலவுக்கு வெள்ளைப் பக்கம், ரொக்கத்துக்கு இளஞ்சிவப்பு, வங்கிக்கு மஞ்சள். பிரச்சாரக் காலத்தில் மூன்று முறையாவது காட்டவேண்டும். முடிவு வந்த 30 நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் கணக்கு போய்ச் சேரவேண்டும். தவறினால் 10ஏ பிரிவில் மூன்று வருடத் தகுதி நீக்கம்.

ஆணையத்தின் பக்கத்தில் கணக்குக் குழு ஒரு நிழல் பதிவேடு எழுதும். வீடியோக் குழு எடுத்த காட்சியைப் பார்த்து நாற்காலி, மேடை, பேனர், பிரியாணி எல்லாவற்றையும் எண்ணி, மாவட்ட விலைப்பட்டியலின்படி தொகை போடும். இரண்டும் பொருந்தாவிட்டால் நோட்டீஸ், 48 மணி நேரத்தில் பதில்.

இந்தக் கண்ணுக்குத் தப்புவதைச் சொல்கிறேன். கேமரா நகர்ந்தபின் ஆரத்தித் தட்டில் விழும் நோட்டு. கூட்டத்துக்கு ஆள் கூட்டிவரும் கூலி. பெயருக்கு மட்டும் நிறுத்திய டம்மி வேட்பாளர் பெயரில் அனுமதி வாங்கிய வாகனமும் முகவர் சீட்டும். நட்சத்திரப் பேச்சாளரின் பயணச் செலவு சட்டப்படியே வேட்பாளர் கணக்கில் சேராது. ஆனால் அதே மேடையில் வேட்பாளர் ஏறி நின்றால் கூட்டச் செலவில் அவர் பங்கு ஏறும். வேட்பாளர் இல்லாமல், அவர் படம் இல்லாமல் கூட்டம் நடந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

வழக்குமன்றம்

சத்தியத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. கற்பூரம் அடித்து, சாமி படத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் வாங்குவது தெருவில் மிகவும் வேலை செய்கிறது. வயதான பெண்கள் "சாமி குத்தம் ஆயிடும்" என்று உண்மையிலேயே நடுங்குகிறார்கள். அவர்களிடம் இதைச் சொல்லுங்கள்: தெய்வக் கோபத்துக்கு ஆளாவாய் என்று வாக்காளரை நம்பவைப்பதே மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123(2) பிரிவின்படி முறைகேடான செல்வாக்கு, ஊழல் நடவடிக்கை. குற்றம் சத்தியம் வாங்கியவர் மேல். இன்னொன்று, அதே சட்டத்தின் 94ஆம் பிரிவின்படி யாருக்கு ஓட்டுப் போட்டாய் என்று நீதிமன்றம்கூட உங்களைக் கேட்க முடியாது.

லஞ்சத்துக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த சட்டம்) 170, 173 பிரிவுகள், ஓராண்டு வரை சிறை. கொடுத்தவர், வாங்கியவர் இருவருக்கும் பொருந்தும். "வாங்கினேன்" என்று சாட்சி சொல்ல ஆள் வராததற்கு இதுவும் காரணம்.

பணத்துக்காகத் தேர்தலை நிறுத்தத் தனிப் பிரிவே கிடையாது. சாவடி கைப்பற்றலுக்கு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 58ஏ இருக்கிறது, பணத்துக்கு இல்லை. ஆணையம் அரசியல் சாசனத்தின் 324ஆவது உறுப்பைப் பிடித்துக்கொண்டுதான் 2016இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017 ஏப்ரலில் ஆர்.கே.நகர் தேர்தல்களை நிறுத்தியது. 2019இல் வேலூர் மக்களவைத் தேர்தல் ஆணையத்தின் பரிந்துரையில் குடியரசுத் தலைவர் உத்தரவால் ரத்தானது. மறுபடி நடந்தபோது அரவக்குறிச்சியிலும் வேலூரிலும் அதே முக்கிய வேட்பாளர்களே களத்தில் இருந்தார்கள். பணம் தேர்தலை நிறுத்துகிறது, ஆளை நிறுத்துவதில்லை. எனக்கு இதில்தான் ஆற்றாமை.

மாட்டுச்சந்தை

தேர்தல் காலத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கொண்டுபோனால் பிடிக்கும் விதியில் அடிபடுவது எங்களைப் போல மாடு விற்பவர்கள். எழுத்தில் உள்ளபடி அது வேட்பாளர், முகவர், கட்சிக்காரர் செல்லும் வண்டிக்கான விதி. சாலையில் எல்லாருக்கும் பொருத்துகிறார்கள். மாடு விற்ற காசுக்கு பில் இருக்காது. ஆகவே சந்தைச் சுங்கச் சீட்டு, வாங்கியவரின் கையெழுத்துடன் ஒரு துண்டுத் தாள், ஆதார் நகல் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வங்கியில் எடுத்த பணமானால் அன்றைய பாஸ்புக் பதிவு போதும்.

பிடித்துவிட்டால் ரசீது வாங்காமல் நகராதீர்கள். மாவட்டத்தில் மூன்று பேர் கொண்ட மேல்முறையீட்டுக் குழு உண்டு, ரசீதிலேயே விவரம் இருக்கவேண்டும். தேர்தலோடு தொடர்பில்லை என்று காட்டினால் அங்கேயே விடுவிப்பார்கள். 10 லட்சத்துக்கு மேல் போனால் வருமான வரித்துறைக்குத் தகவல் போகும், இழுக்கும்.

கம்பெனி விவகாரம்

இதே பயம் மேல்தட்டில் சட்டமாகவே வந்தது. கட்சிக்கு வங்கிப் பத்திரமாக நன்கொடை தரும் தேர்தல் பத்திரத் திட்டத்துக்கு (2018) அரசு சொன்ன காரணம், நன்கொடையாளரை மற்றக் கட்சிகள் பழிவாங்கக் கூடாது, ஆகவே பெயர் ரகசியம் என்பது. 1,000 ரூபாயிலிருந்து 1 கோடி வரை ஐந்து மதிப்பில் ஸ்டேட் வங்கி விற்றது, 15 நாளில் கட்சி அதைப் பணமாக்கவேண்டும். பத்திரத்தில் புற ஊதா ஒளியில் மட்டும் தெரியும் எண் இருந்தது. வாங்கியவர் விவரமும் பணமாக்கிய கட்சி விவரமும் வங்கியிடம் இருந்தன. ரகசியம் வாக்காளருக்கு மட்டும்தான். வங்கியைக் கையில் வைத்திருப்பவருக்கு இல்லை. மூன்றாண்டு சராசரி லாபத்தில் 7.5 சதவீதம் என்ற கம்பெனி வரம்பையும் 2017இல் எடுத்துவிட்டதால், லாபமே இல்லாத கம்பெனியும் எவ்வளவும் கொடுக்கலாம் என்றானது. 2024 பிப்ரவரி 15இல் உச்ச நீதிமன்றம் இரண்டையும் செல்லாது என்றது.

இப்போதும் 20,000 ரூபாய் வரையிலான நன்கொடைக்குக் கட்சி பெயர் வெளியிட வேண்டியதில்லை. ரொக்கம் 2,000க்கு மேல் கூடாது, ஆனால் 2,000 ரூபாய் ரசீதை எத்தனை வேண்டுமானாலும் கிழிக்கலாம்.

சாவடி முகவர்

புகார் கொடுப்பவர்களுக்கு: தேர்தல் ஆணையத்தின் புகார்ச் செயலியான சி-விஜிலில் படமோ இரண்டு நிமிட வீடியோவோ செயலிக்குள்ளேயே எடுக்கவேண்டும். வாட்ஸ்அப்பில் வந்ததை ஏற்றினால் ஏறாது. இருப்பிடத்தை ஆன் செய்துவிட்டு எடுங்கள், எடுத்த ஐந்து நிமிடத்துக்குள் அனுப்புங்கள். 100 நிமிடத்தில் முடிவு என்பது இலக்கு. பெயர் சொல்லாமல் கொடுக்கலாம், ஆனால் என்ன ஆயிற்று என்ற தகவல் வராது. தெருவில் அடையாளம் தெரிந்துவிடும் என்று அஞ்சுபவர்கள் பெயரில்லாமலே கொடுங்கள். மாடியிலிருந்தோ சன்னலிலிருந்தோ எடுத்தால் எந்த வீடு என்று படமே காட்டிக்கொடுத்துவிடும், அதைக் கவனியுங்கள்.