வெட்டாமல் பிரிப்பதற்கு ஒரு சொல்: ‘வகிர்தல்’ பொருந்துமா?

உயிரியல் ஆசிரியை, திருகோணமலை

அன்பின் நண்பர்களுக்கு வணக்கம்.

உயர்தர மாணவர்களுக்கான செய்முறைத் தாள் ஒன்றைத் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன். முலையூட்டியின் உள்ளமைப்பு பற்றியது. எலியை மல்லாக்கக் கிடத்திக் கால்களை ஊசி குத்தி நிறுத்துவதிலிருந்து உறுப்புகளைப் பெயர் குறிப்பது வரை எல்லாவற்றுக்கும் சொல் கிடைத்துவிட்டது. செயல் முழுவதற்கும் இலங்கையில் ‘வெட்டிச்சோதித்தல்’ என்பதே வழக்கு. அதை மாற்றச் சொல்லி நான் வரவில்லை. பரீட்சை வினாத்தாளில் குடியேறிவிட்ட சொல்லோடு மல்லுக்கு நிற்க எனக்குத் தெம்பில்லை. என் சிக்கல், வெட்டிச்சோதித்தலில் பெரும்பகுதி வெட்டாத வேலை என்பதுதான்.

கத்தரிக்கோல் தோலையும் வயிற்றுச் சுவரையும் திறக்க வேண்டும். நடுக்கோட்டில், இருபக்கத் தசைகளும் சந்திக்கும் அந்த வெண்ணிற வரியில் சென்றால் இரத்தமும் அதிகம் வராது. அதற்குப் பிறகு கூர்முனைக்கு வேலை குறைவு. சாவணத்தின் (இடுக்கியின்) மழுங்கிய முனையால், சிறுகத்தியின் பிடியால், சில வேளை விரலால், உறுப்புகளைப் பிணைத்திருக்கும் தொடுப்பிழையத்தை (தமிழ்நாட்டார் இணைப்புத்திசு என்பது) மெல்ல விலக்கிக்கொண்டு போக வேண்டும். தோடம்பழச் சுளைகளைத் தோல் கிழியாமல் ஒன்றிலிருந்து ஒன்று கழற்றுவதைப் போன்ற வேலை. இதற்குத்தான் சொல் இல்லை. ஆங்கிலத்தில் ‘மழுங்கிய’ என்று அடைமொழி சேர்க்கிறார்கள். அதை அப்படியே பெயர்த்து ‘மழுங்கல் வெட்டு’ என்று எழுதினால், கத்தியைத் தீட்டிக்கொண்டு வருவதற்கு மாணவன் அனுமதி கேட்பான்.

சொல் இல்லாததால் என்ன கெட்டுப்போகிறது என்று கேட்கலாம். எலியின் சதையி (தமிழ்நாட்டார் கணையம் என்பது) கெட்டுப்போகிறது. மனிதரில் போலத் திரண்ட உறுப்பாக அது இருப்பதில்லை. முன்சிறுகுடலின் வளைவுக்குள்ளும் மண்ணீரலை நோக்கியும், குடலைத் தாங்கும் மென்படலமான நடுமடிப்பில் பரந்து கிடக்கும். “நடுமடிப்பை வெட்டிக் குடலை விரிக்கவும்” என்று தாளில் எழுதியிருந்தால் மாணவன் கொழுப்பென்று நினைத்து அதை அரிந்து தட்டின் ஓரத்தில் ஒதுக்குகிறான். பிறகு சதையியைத் தேடுகிறான். (பித்தப்பையையும் தேடுவான். அதற்கு அவன் பொறுப்பல்ல, எலிக்குப் பித்தப்பையே கிடையாது.) கழுத்தில் நிலைமை இன்னும் மோசம். தலைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் சிரசு நாடியும் பத்தாம் மண்டை நரம்பும் ஒரே உறைக்குள் ஒட்டிக்கொண்டு இறங்குகின்றன. அங்கே கூரான எதுவும் போகக்கூடாது. மழுங்கிய ஊசியை நீளவாக்கில் ஓட்டித்தான் இரண்டையும் தனித்தனியே காட்ட முடியும். “வெட்டவும்” என்பதைத் தவிர வேறு வினை தெரியாத தாள் இதை எப்படிச் சொல்லும்?

என் பரிந்துரை: வகிர்தல். அகராதிகளில் இச்சொல்லுக்குப் பிளத்தல், கீறுதல் என்ற பொருளும், மயிரைக் கோதிப் பிரித்தல் என்ற பொருளும் உள்ளன. இரண்டாவது பொருளே எனக்கு வேண்டும். கூர்முனையால் திறப்பதைக் ‘கீறல்’ என்றும், மழுங்கிய முனையால் இயற்கையான பிரிவின் வழியே விலக்கிச் செல்வதை ‘வகிர்தல்’ என்றும் வைத்துக்கொண்டால் தாளின் ஒவ்வொரு வரியிலும் எந்தக் கருவியை எடுக்க வேண்டும் என்பது வினைச்சொல்லிலேயே வந்துவிடும்.

சென்னை நண்பர்

அம்மா, வணக்கம். நல்ல விவாதம், ஆனால் காலம் கடந்துவிட்டதோ என்று தோன்றுகிறது. இங்கே பல்கலைக்கழக மானியக் குழு 2014 இல் விலங்கியல் பாடத்தில் விலங்குகளை அறுப்பதை முற்றாக நிறுத்தச் சொல்லிவிட்டது. என் மகள் கணினித் திரையில்தான் தவளையைத் திறந்தாள். மறைந்துகொண்டிருக்கும் ஒரு பழக்கத்துக்கு இப்போது புதுச்சொல் எதற்கு? அதோடு, இலங்கையில் ஒரு சொல், இங்கே ஒரு சொல் என்று ஏற்கெனவே இரட்டைப் பட்டியல் வைத்திருக்கிறோம். நீங்கள் நாடி என்கிறீர்கள், நாங்கள் தமனி என்கிறோம். நீங்கள் பிரிமென்றகடு, நாங்கள் உதரவிதானம். இன்னொன்றும் சேர வேண்டுமா?

மதுரை அன்பர்

எனக்குச் சொல்லிலேயே ஐயம் உண்டு. வகிர் என்றால் கத்தி பட்ட துண்டு. திருவாசகத்தில் ‘மாவடு வகிரன்ன கண்ணி’ என்று வருகிறதே, மாவடுவை இரண்டாகப் பிளந்தால் கிடைக்கும் வடிவம்தானே அங்கே உவமை? கத்தி வேண்டாம் என்று சொல்வதற்குக் கத்தி பிறப்பித்த சொல்லை எடுக்கிறீர்கள். ‘தொடுப்பு நீக்கல்’ என்று நேராகச் சொல்லலாமே. அவிழ்க்கப்படுவது தொடுப்பிழையம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

அறுவை மருத்துவர், மட்டக்களப்பு

சென்னை நண்பருக்கு: பழக்கம் மறையவில்லை, வகுப்பறையிலிருந்து மட்டும் விலகுகிறது. சத்திரசிகிச்சைக் கூடத்தில் நாங்கள் செய்வதில் பாதி இதுதான். குடல்வளரியை (குடல்வாலை) எடுப்பதற்கு வயிற்றுத் தசைகளை வெட்டாமல், தசைநார்கள் ஓடும் போக்கிலேயே அடுக்கடுக்காகப் பிரித்து இறங்கும் வழியை மக்பேர்னி 1894 இல் விவரித்தார். நார் அறுபடாததால் காயத்தின் மேல் தசை தானாகவே மூடிக்கொள்ளும். பயிற்சி மருத்துவர்களுக்கு இதை விளக்கும்போது தமிழில் தொடங்கி ஆங்கிலத்தில் முடிப்பதே வழக்கமாகிவிட்டது.

ஒரு வேண்டுகோள். வினை மட்டும் போதாது. இரண்டு உறுப்புகளுக்கு இடையே இரத்தக் குழாய்கள் குறைவாக, தளர்ந்த இழையத்தோடு ஒரு தளம் இருக்கும். அதைக் கண்டுபிடித்துவிட்டால் கை தானாகப் போகும். தவறவிட்டால் இரத்தம்தான். அந்தத் தளத்துக்கும் பெயர் வேண்டும். ‘தொடுப்பு நீக்கல்’ என்பதிலிருந்து அதற்கு ஒரு பெயர் பிறக்குமா? எனக்குப் பிறக்கவில்லை.

உயிரியல் ஆசிரியை, திருகோணமலை

மருத்துவர் ஐயாவின் கேள்வியிலேயே எனக்கு விடை இருக்கிறது: வகிர்தளம். ‘தொடுப்பு நீக்கல்’ பொருளில் தெளிவுதான், ஆனால் அது ஒரு விளக்கம். ‘தொடுப்பு நீக்கல் தளம்’, ‘தொடுப்பு நீக்கல் ஊசி’ என்று நீட்டிப் பாருங்கள், நாக்கு முதலில் மறுக்கும், பிறகு கை மறுக்கும். வகிர்தல், வகிர்தளம், வகிரூசி, வகிர்ந்த பகுதி, வகிராத பகுதி என்று இச்சொல் கிளைக்கிறது. கலைச்சொல்லை நான் சோதிக்கும் முறை இதுதான்.

மதுரை ஐயா காட்டிய திருவாசக அடி எனக்கு எதிரான சான்றுதான், மறுக்கவில்லை. ஆனால் தலையில் எடுக்கும் வகிடும் இதே வேரிலிருந்து வந்தது, அங்கே சீப்புத்தான் போகிறது. பொது வழக்கில் பல பொருள் உள்ள சொல்லை ஒரு துறை தனக்கென ஒடுக்கிக்கொள்வதும் நமக்குப் புதிதல்ல. ஊரில் நாடி என்றால் மோவாய், வைத்தியரிடம் போனால் கைத்துடிப்பு, எங்கள் பாடநூலில் இதயத்திலிருந்து இரத்தத்தை வெளியே கொண்டுசெல்லும் குழாய். களம் நெல் அடிக்கும் இடமும் போர் செய்யும் இடமுமாக இருக்க, உயிரியலில் அது உணவு இறங்கும் குழாய். தேர்வில் எந்தப் பிள்ளையும் இரண்டையும் குழப்பிக்கொண்டதில்லை. மாறாக, பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழில் மருத்துவம் கற்பித்த அமெரிக்க மிசன் மருத்துவர் கிறீன் உடற்கூற்றியலுக்கு ‘அங்காதிபாதம்’ என்ற தனிச்சொல்லை எடுத்தாண்டார். ஐயத்துக்கே இடமில்லாத சொல், இன்று எங்கள் வகுப்பறையில் யாரும் சொல்வதில்லை.

சென்னை நண்பரின் இரட்டைப் பட்டியல் கவலை எனக்கும் உண்டு. ஆனால் நாடியும் தமனியும் ஏற்கெனவே பிரிந்துவிட்டவை. இந்த இடம் இரு கரையிலும் வெற்றிடம், சேர்ந்தே நிரப்பலாம். இதே திருகோணமலையில் இந்துக் கல்லூரி அதிபராக இருந்த விபுலானந்த அடிகள், 1936 இல் சென்னையில் நடந்த சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். அப்போது கடல் குறுக்கே நின்றதாகத் தெரியவில்லை.

திரையில் தவளை திறப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. உயிரைக் கொல்லாமல் படிப்பதை நானும் விரும்புகிறேன். அதனால் இறைச்சிக்கடையிலிருந்து ஆட்டின் ஈரற்குலையை வாங்கி வருகிறோம். இதயம், நுரையீரல், மூச்சுக்குழாய் எல்லாம் ஒன்றாகத் தொங்கும். இதயத்தை மூடிய உறையைக் கிழிக்காமல் தரும்படி கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் நம் வேலையை அவரே முடித்துவிடுவார். அந்த உறையை இதயத்திலிருந்து விலக்கும்போது விரலுக்குத் தெரியும் எதிர்ப்பைத் திரை தராது. எங்கே இழையம் தானாகப் பிரிகிறது, எங்கே பிடித்து இழுக்கிறது என்று விரல் சொல்வதைக் கேட்பதுதான் இந்தப் பாடமே. இங்கே கோணேசபுரியிலுள்ள பல்கலைக்கழக வளாகத்தில் சித்த மருத்துவம் படிக்கும் பிள்ளைகளுக்கும் இது தேவை.

மதுரை அன்பர்

நாடிக்கும் களத்துக்கும் பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. வகிர்தல் இருக்கட்டும். ஆனால் முதல்முறை வரும் இடத்தில் “வெட்டாமல் விலக்கிப் பிரித்தல்” என்ற விளக்கத்தைக் கூடவே அச்சிடுங்கள். எங்கள் ஊரில் வகிர் என்றால் உப்பும் மிளகாய்த்தூளும் தேடுவார்கள்.

ஆசிரியர், மூதூர்

வகிர்தளம் எனக்கும் உடன்பாடு. வகிரூசியில் மட்டும் சிறு திருத்தம். ஊசி என்றதும் பிள்ளைகள் கூர்முனையைத்தான் தேடுவார்கள். ‘வகிர்கோல்’ என்று வைத்தால் முனை மழுங்கியது என்பது பெயரிலேயே தெரியும். கத்தரிக்கோல், எழுதுகோல் வரிசையிலும் சேர்ந்துகொள்ளும்.

உயிரியல் ஆசிரியை, திருகோணமலை

வகிர்கோல் நன்று, எடுத்துக்கொள்கிறேன். தாளின் கழுத்துப் பகுதி இப்போது இப்படி இருக்கிறது:

“தோலை நடுக்கோட்டில் மோவாய் வரை கீறுக. உமிழ்நீர்ச் சுரப்பிகளைச் சாவணத்தால் மேலே ஒதுக்குக. மூச்சுக்குழாயின் பக்கவாட்டில் வகிர்தளத்தைக் கண்டறிந்து, வகிர்கோலை நாடியின் நீளவாக்கில் மட்டும் செலுத்தி, நரம்பை நாடியிலிருந்து வகிர்க. குறுக்காகச் செலுத்தலாகாது.”

‘செலுத்தலாகாது’ கொஞ்சம் விறைப்பாக இருக்கிறது. யாராவது இளக்கித் தந்தால் நல்லது.